ஒரு பவுன் எடைக் குண்டு: வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் கதை

1907-ம் ஆண்டு. இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியிலுள்ள சம்பாவத் என்ற ஊரில், சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு பெண் புலியின் தோலை உரித்துக் கொண்டிருந்தார் ஓர் இளைஞர். சாதாரணப் புலியல்ல அது. நேபாளத்தில் 200 பேரையும், அங்கிருந்து விரட்டப்பட்டு இந்திய எல்லைக்குள் நுழைந்தபின் நான்கு ஆண்டுகளில் 236 பேரையும் கொன்று தின்ற ஆட்கொல்லி. மாலை ஆறு மணிக்கு மேல் வாசற்கதவைத் திறக்கவே அஞ்சிக் கிடந்த ஊர்கள் எத்தனையோ.

அந்த இளைஞர் புலியின் வாயைப் பிளந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதி போயிருந்தது. கீழ்ப் பல் எலும்பு வரை சிதைந்து போயிருந்தது. என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் சுட்ட குண்டு வாயில் பட்டுச் செய்த வேலை அது. கோரைப் பல் போன புலியால் மானைக் கவ்விப் பிடிக்க முடியாது. ஓடாத, கொம்பில்லாத, தோல் மெல்லிய இரையைத் தேடி அது மனிதனிடம் வந்தது. சுட்டவர் யாரென்று தெரியாது. குறி தவறிவிட்டதென்று வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். அவருடைய ஒரு குண்டுக்கு விலை 436 உயிர்.

தோலுரித்த இளைஞரின் பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். உலகம் அவரை ஜிம் கார்பெட் என்று அறியும். எந்த மிருகத்துக்கு எந்தத் துப்பாக்கி, எவ்வளவு எடையுள்ள குண்டு என்பது மற்ற வேட்டைக்காரர்களுக்குக் கிளப்பில் உட்கார்ந்து பேசும் பொழுதுபோக்காக இருந்தது. கார்பெட்டுக்கு அது அப்படியிருக்கவில்லை. அந்த உடைந்த பற்களைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

தபால் அதிகாரியின் மகன்

கார்பெட் பிறந்தது 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, நைனிதாலில். டில்லியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் காத்கோதாம் ரயிலேறிப் போய் வருகிறார்களே, அதே நைனிதால்தான். தந்தை கிறிஸ்டோபர் கார்பெட் அங்கே தபால் நிலைய அதிகாரி. பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன், 1881-ல், தந்தை இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேன்தான் பிள்ளைகளைக் கட்டிக் காத்தார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்று குடும்பம் மாறி மாறி வாழ்ந்தது. காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. புள்ளிமானும் மயிலும் காட்டுக்கோழியும் கொல்லைப்புறத்திலேயே திரியும்.

எட்டு வயதில் அவர் கைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வலது குழல் வெடித்துப் பிளந்துவிட்டது. கட்டையைப் பித்தளைக் கம்பியால் இறுகக் கட்டி வைத்திருந்தார்கள். ஆக, இருந்தது ஒரே குழல். வெடிமருந்தும் ரவையும் கைச்செலவுக்குக் கிடைப்பவை அல்ல. ஒரு வெடி போட்டால் மறு வெடிக்கு நிறைய நேரம் வேண்டும். அதனால் சிறுவன் கண்டதையெல்லாம் சுடவில்லை. கிட்டே போக, காத்திருக்க, மிருகங்களின் குரலையும் காலடித் தடத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டான். பிளந்த குழல் ஒருவகையில் அவனுக்கு ஆசானாக அமைந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பத்து வயதில் பள்ளி மாணவர் படையில் சேர்ந்தான். அங்கே பயிற்சிக்கு இருந்தவை மார்ட்டினி ஹென்றி ரைபிள்கள். பெரியவர்களின் தோளையே பதம் பார்க்கும் ஆயுதம் அது. பையனின் குறி பார்க்கும் திறமையைக் கண்ட படைத் தலைமைச் சார்ஜண்ட், விடுமுறைக்கு ஒரு ரைபிளைக் கடனாகக் கொடுத்தார். துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வெடித்த தோட்டாக் கூடுகளை எண்ணித் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டே நிபந்தனைகள்.

அந்த ரைபிளின் குண்டு 480 கிரெயின் எடை. துப்பாக்கிக் குண்டைப் பெரும்பாலும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். 7,000 கிரெயின் ஒரு ராத்தல். நம் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு பவுன் ஏறக்குறைய 123 கிரெயின். அப்படியானால் மார்ட்டினியின் குண்டு நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. 31 கிராம் ஈயம். நெருக்கத்தில் பட்டால் பெரிய மிருகமும் சாயும். ஆனால் மெதுவாகப் போகும் குண்டு. நொடிக்கு 1,300 அடியை ஒட்டிய வேகம்தான்.

அந்த ரைபிளோடு போன சிறுவன் ஒரு சிறுத்தையைச் சுட்டான். அடிபட்ட சிறுத்தை புதருக்குள் மறைந்தது. அவனுக்குத் திரும்பி ஓடத் தோன்றவில்லை. ரத்தச் சுவட்டைப் பிடித்துக் கொண்டே தனியாகப் போய் அதைத் தேடிக் கண்டு முடித்தான். காயப்பட்ட மிருகத்தைக் காட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது என்ற பழக்கம் அந்த வயதில் படிந்தது. கடைசி வரையில் அவர் அதை விடவில்லை.

கங்கைக் கரையில் 21 ஆண்டு

மேற்படிப்புக்குக் குடும்பத்தில் வசதியில்லை. பதினெட்டு வயதை ஒட்டி வங்காள வடமேற்கு ரயில்வேயில் சேர்ந்தார். ரயில் என்ஜின்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகம். மாதச் சம்பளம் ரூ.100. அதன்பின் பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட் என்ற இடத்தில், அகலப் பாதை வண்டியில் வரும் சரக்கை இறக்கி, ஆற்றைக் கடத்தி, மீட்டர் பாதை வண்டிக்கு ஏற்றும் ஒப்பந்தத்தை எடுத்தார். ஏற்கெனவே கிட்டங்கி நிரம்பி வழிந்தது. தொடக்கத்தில் ரயில்வேயிலிருந்து பணம் வரவில்லை. தொழிலாளர்கள் அரைவயிறு கால்வயிறாக இருந்து வேலை செய்தார்கள். கார்பெட்டும் அவர்களோடு நின்று மூட்டை தூக்கினார், நிலக்கரி சுமந்தார். 21 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

பின்னாளில் புலி வேட்டைக்காரர் என்று பெயரெடுத்த அவரை ஏதோ ஜமீன் விருந்தாளி, மாளிகைத் துரை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவர் லீவு எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போன ரயில்வே ஒப்பந்தக்காரர். யானை மேல் அம்பாரி கட்டி, 20 துப்பாக்கிகளோடு வளைத்துச் சுடும் வசதி அவருக்கு இல்லை. நடந்துதான் போக வேண்டும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தானே சுமக்க வேண்டும். எடை என்பது அவருக்குத் தோளில் தெரிந்த சங்கதி.

மூன்றே தோட்டாக்கள்

1907-ல் லீவில் நைனிதாலில் இருந்தபோதுதான் சம்பாவத் புலியைச் சுடும்படி மாவட்ட அதிகாரி கேட்டுக் கொண்டார். கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு வைத்த சர்க்கார் பரிசை ரத்து செய்ய வேண்டும். அதைத் தேடித் திரியும் மற்ற வேட்டைக்காரர்களையும் அல்மோராவிலிருந்து அனுப்பிய சிப்பாய்களையும் திருப்பி அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். புதருக்குப் புதர் துப்பாக்கியோடு ஆள் நின்றால் யாருடைய குண்டு யார் மேல் படும் என்பதும் சொல்ல முடியாதல்லவா?

முதலில் போன பாலி என்ற கிராமத்தில் ஜனங்கள் பயத்தில் உறைந்து கிடந்தார்கள். இந்த ஒல்லியான வெள்ளைக்காரரால் என்ன ஆகும் என்ற சந்தேகமும் அவர்களுக்கு. இறைச்சிக்குக் கூரல் என்னும் மலையாடு வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்ச் சரிவில், ஏறக்குறைய 200 கஜத்துக்கு அப்பால் ஆடு தெரிந்தது. கார்பெட் கையில் அப்போது இருந்தது மார்ட்டினி ஹென்றிதான். குறி தவறாது என்பதற்காக எடுத்து வந்தது. கரிமருந்துத் தோட்டா. சுட்டதும் எழும் புகையில் பட்டதா படவில்லையா என்று சுட்டவருக்கே தெரியாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். குழலை விட்டுக் கிளம்பியவுடனே குண்டு கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. மார்ட்டினியின் கனத்த குண்டு 200 கஜம் போய்ச் சேர அரை நொடி ஆகிறது. அதற்குள் குழல் காட்டிய நேர்கோட்டிலிருந்து சுமார் நான்கடி இறங்கிவிடும். துப்பாக்கியின் குறிப்பட்டையைத் தூரத்துக்குத் தக்கபடி உயர்த்தி வைத்தால் அது சரியாகிவிடும். ஆனால் தூரத்தைத் தப்பாக மதித்துவிட்டால்? 150 கஜத்தை 200 என்று எண்ணிவிட்டால் குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலே போகும். 250-ஐ 200 என்று எண்ணினால் காலில் படும். மலைச்சரிவில் தூரத்தை மதிப்பிடுவது தரையில் இருப்பதைப் போல எளிதல்ல.

கார்பெட் மதித்த தூரம் சரியாக இருந்தது. புகை கலைந்தபோது ஆடு உருண்டு வந்து கொண்டிருந்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு. மூன்று வெடிக்கு மூன்று ஆடுகள். ஊர் ஜனங்களுக்கு உயிர் வந்தது. பேச ஆரம்பித்தார்கள், புலி போகும் தடங்களைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

புலியைச் சந்தித்தது வேறு துப்பாக்கியோடு. அது .500 இரட்டைக்குழல் ரைபிள். கரிமருந்துக் காலத்து ஆயுதத்துக்கு ஏற்றபடி குறைத்துப் போட்ட கார்டைட் மருந்து. இத்தகைய ரைபிளுக்கு வழக்கமான குண்டு 440 கிரெயின், அதாவது மூன்றரைப் பவுன். சம்பாவத் தாசில்தார் ஏறத்தாழ 300 பேரைத் திரட்டி மலைமுகட்டில் நிறுத்தினார். மத்தளமும் கூச்சலுமாகப் புலியைக் கீழே விரட்ட ஏற்பாடு. கார்பெட் தன் இடத்துக்குப் போய்ச் சேருமுன்பே முகட்டில் ஆரவாரம் தொடங்கிவிட்டது. புலி வெளிப்பட்டதும் தாசில்தார் அவசரப்பட்டுத் தம் துப்பாக்கியின் இரண்டு குழலையும் வெடித்தார். புலி திரும்பிவிட்டது. கார்பெட் அதன் பின்னாலேயே ஒரு குண்டை அனுப்பினார். படவில்லை.

புலி செத்துவிட்டதென்று எண்ணி முகட்டிலிருந்தவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் வெடித்துக் கூத்தாட, அந்தச் சத்தத்துக்கு மிரண்டு புலி மறுபடி அவரை நோக்கியே வந்தது. கார்பெட் சுட்டார். கடல்மட்டத்துக்கு அளவெடுத்துக் குறி வைக்கப்பட்ட அவருடைய ரைபிள், மலை உயரத்தில் சற்று மேலேயே சுடும். அதனால் குண்டு முதுகுக்கு மேலே போய்விட்டது என்றே நினைத்தார். உண்மையில் பட்டிருந்தது, கொஞ்சம் பின்தள்ளிப் பட்டிருந்தது. அடுத்த குண்டு 30 கஜத்துக்கும் உள்ளே, தோளில். புலி குலுங்கியது, ஆனால் விழவில்லை. காதுகளை மடக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கார்பெட்டின் துப்பாக்கி காலி. அவர் கொண்டு வந்ததே மூன்று தோட்டாக்கள்தான். இரண்டுக்கு மேல் சுடச் சந்தர்ப்பம் வராது, மூன்றாவது அவசரத்துக்கு என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். கனத்த தோட்டாவைக் குறைத்து எடுத்து வந்த கணக்கு அது. அன்று அது தப்புக் கணக்காகிவிட்டது.

நல்ல வேளையாகப் புலி பாயவில்லை. ஓடையைத் தாண்டி ஒரு பாறைத் திட்டில் ஏறியது. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நெருங்கினார். அது எப்பேர்ப்பட்ட துப்பாக்கி தெரியுமா? குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. வெடித்தால் யார் முகத்தில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. இருபது அடியிலிருந்து புலியின் வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு முன்னங்காலில் பட்டது. அதுவும் தோலுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நகத்தாலேயே கெல்லி எடுத்துவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் புலி தலை சாய்ந்தது. உயிரைப் போக்கியவை முன்பு பட்ட இரண்டு கனத்த குண்டுகள்.

கவர்னர் தந்த பரிசு

அந்தச் செயலைப் பாராட்டி ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைபிள். சம்பவத்தைக் குறிக்கும் வெள்ளித் தகடு கட்டையில் பதிக்கப்பட்டிருந்தது. கார்பெட்டின் பெயரோடு என்றென்றைக்கும் சேர்ந்துவிட்ட துப்பாக்கி இதுதான்.

இதன் குண்டு 140 கிரெயின். ஒரு பவுனும் ஒரு கிராமும்! மார்ட்டினியின் குண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வேகம் நொடிக்கு 2,700 அடிக்கும் மேல். 200 கஜத்துக்குப் போய்ச் சேர கால் நொடி. இறக்கம் ஏறக்குறைய ஓரடி. தூரத்தை ஐம்பது கஜம் தப்பாக மதித்தாலும் குண்டு பெரிதாக விலகாது. துப்பாக்கியும் கைக்கு இலகு. தோளில் உதைப்பும் கொஞ்சம்தான். உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர்கள் எவ்வளவு பேர் என்பது சுட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்.

இதே அளவுத் துப்பாக்கிக்கு முதலில் வந்த குண்டு 173 கிரெயின். ஒன்றரைப் பவுனை நெருங்கும். அதைவிட 140 மேலா என்று கேட்டால், எதைச் சுடப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். கேளையாடு 25 கிலோ இருக்கும். ஆண் புள்ளிமான் 80 கிலோ. கடமான் 200 கிலோவைத் தாண்டும். திறந்த சரிவில் நிற்கும் புள்ளிமானுக்கோ கூரலுக்கோ 140 கிரெயின் தாராளம். முன்னங்காலுக்குப் பின்னே, நெஞ்சில் பட்டால் அங்கேயே விழும். கடமானின் தோள் எலும்பு தடித்தது. இலேசான, வேகமான குண்டு அதில் மோதி மேலேயே சிதறிவிட்டால், ஆழமில்லாத பெருங்காயத்தோடு மிருகம் ஓடிவிடும். அதற்குக் கனமான குண்டு நல்லது. வேகம் குறைந்தாலும் விடாமல் உள்ளே போகும்.

எடை மட்டும் பார்த்தாலும் போதாது. முனையில் ஈயம் தெரியும்படி செய்த குண்டு உள்ளே போனதும் காளான்போல் விரிந்து பெரும் காயம் செய்யும். முழுவதும் உலோக உறை போட்ட குண்டு விரியாது, துளைத்துக்கொண்டே போகும். ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே .275 அளவுத் துப்பாக்கியில், உறை போட்ட 173 கிரெயின் குண்டைக் கொண்டு நூற்றுக்கணக்கில் யானைகளைச் சாய்த்தார். யானையின் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவர் அவர். அதைப் படிக்காமல் அவருடைய துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போன பலர் யானைகளைக் காயப்படுத்தியதுதான் மிச்சம்.

கார்பெட் இரண்டையும் வைத்துக் கொண்டார். தூரத்துச் சரிவுகளுக்கும் நெடுநடைக்கும் .275. அடர்ந்த புதரில் கிட்டத்தில் புலியை எதிர்கொள்ள நேர்ந்தால் .450/400 இரட்டைக்குழல், ஜெஃப்ரி கம்பெனி செய்தது. அதன் குண்டு 400 கிரெயின், மூன்றேகால் பவுன். ஆனால் காடு நம் கணக்குப்படி நடப்பதில்லை.

எட்டடி தூரத்தில்

முதல் உலகப் போரில் 500 குமாவுன் ஆட்களைத் திரட்டிப் பிரான்ஸுக்கு அழைத்துப் போய்த் திரும்பினார் கார்பெட். அதே காலத்தில், 1918-ல், ருத்ரப்பிரயாகையில் ஒரு சிறுத்தை மனிதரைத் தின்னத் தொடங்கியது. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் யாத்திரை போகும் வழி அது. எட்டு ஆண்டுகளில் 125 பேர் பலியானார்கள். 1921-லேயே அது சாக வேண்டியது. பாலத்தின் மேல் காத்திருந்த இரண்டு அதிகாரிகள் சுட்ட குண்டு, பின்னங்கால் விரல் ஒன்றைக் கொண்டு போனதோடு சரி. சிறுத்தை தப்பியது, இன்னும் ஐந்து ஆண்டுகள் கொன்றது. 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்னுமிடத்து மாமரத்தில் இரவு காத்திருந்த கார்பெட், கீழே கட்டிய ஆட்டின் மணி குலுங்கியதும் ரைபிளில் பொருத்திய டார்ச்சை அழுத்தினார். வெளிச்சத்தில் சிறுத்தையின் தோள் தெரிந்தது. .275 வெடித்தது. அதோடு டார்ச்சும் அணைந்துவிட்டது. பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும் வரை மரத்திலேயே இருந்தார். காலையில் கீழ்ச் சரிவில் செத்துக் கிடந்தது. விரல் போன காலைப் பார்த்துத்தான் அதுவே என்று உறுதி செய்து கொண்டார்.

சௌகர் புலியின் கதை இன்னும் விசித்திரமானது. 1925-லிருந்து 64 பேரைக் கொன்ற புலி அது. 1930 ஏப்ரல் 11-ந் தேதி, வறண்ட ஓடை வழியே இறங்கிக் கொண்டிருந்தார் கார்பெட். பறவை முட்டைகள் சேகரிப்பதில் அவருக்குப் பிரியம். வழியில் கண்ட பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகளை இடது கையில் ஏந்தியிருந்தார். வலது கையில் .275. ஒரு பெரும் பாறையைச் சுற்றி வந்து தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது; அவர் முகத்தையே பார்க்கிறது!

திடீரென்று அசைந்தால் பாய்ந்துவிடும். முட்டைகளைக் கீழே போடாமல், துப்பாக்கியை ஒரே கையால், மெல்ல மெல்லச் சுழற்றினார். முக்கால் வட்டம் திருப்ப வேண்டியிருந்தது. புலி அவர் கண்ணைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கை நீட்டிய நிலையில் தசை வலிக்கத் தொடங்கியது. குழல் நேரானதும் விசையை இழுத்தார். முதல் குண்டிலேயே புலி சாய்ந்தது. கையில் இருந்தது கனத்த இரட்டைக்குழலாக இருந்திருந்தால் ஒரே கையால் அப்படிச் சுழற்றியிருக்க முடியாது. முட்டைகளும் இலேசான துப்பாக்கியும் தமக்குப் பாதகமல்ல, சாதகமே என்று அவரே பின்னாளில் எழுதினார். முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனத்த துப்பாக்கியின் பங்கு 1938 நவம்பர் 30-ல் வந்தது. தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலி. அவருக்கு வயது 63. இனி ஆட்கொல்லி வேட்டையில்லை என்று முடிவு செய்திருந்த நேரம். அன்று சூரியன் மறைந்து மங்கும் வேளையில், ஒரு பாறையை ஒட்டிய மரத்தில் அரைகுறையாக உட்கார்ந்துகொண்டு, புலியைப்போலவே குரல் கொடுத்து அதை அழைத்தார். வந்தது. .450/400 வெடித்த உதைப்பில் அவர் கிளையிலிருந்து பிடுங்கப்பட்டு, கீழே ஆடுகளோடு பதுங்கியிருந்த ஆட்களின் தலைமேலேயே விழுந்தார்! புலி செத்துக் கிடந்தது. அதன் உடலைச் சோதித்தபோது பழைய குண்டுக் காயங்கள் இரண்டு இருந்தன. தோளில் பட்டது சீழ் பிடித்துப் போயிருந்தது. மறுபடியும் அதே கதை. யாரோ எதையோ வைத்துச் சுட்டு, தேடிப் போகாமல் விட்டது.

எல்லாப் பழியையும் துப்பாக்கியின்மேல் அவர் போட்டதில்லை. முக்தேசர் புலியை ஆட்கொல்லியாக்கியது முள்ளம்பன்றியின் முட்கள். சௌகர் புலிக்கு முதுமை. ஆனால் ஆட்கொல்லிகளைக் காயம் உண்டாக்குகிறது என்றும், அந்தக் காயத்துக்கு அடிக்கடி காரணம் அஜாக்கிரதையாகச் சுட்டுவிட்டு அடிபட்டதைத் தேடாமல் விடுவது என்றும் 1944-ல் பம்பாயில் வெளியான தம் முதல் புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதினார். உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்ற அந்தப் புத்தகத்தை வேட்டைச் சாகசம் என்று படித்தவர்களே அதிகம். முன்னுரையை எத்தனை பேர் படித்தார்களோ!

துப்பாக்கி போன இடம்

ஆட்கொல்லிகளைத் தவிர மற்றப் புலிகளைச் சுடுவதை அவர் படிப்படியாகக் குறைத்து, சினிமாக் காமிராவைக் கையில் எடுத்தார். 1936-ல் ராம்கங்கை ஆற்றின் கரையில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி என்ற கவர்னர் பெயரில் அமைந்ததற்கு அவருடைய உழைப்பும் காரணம். இரண்டாம் உலகப் போரில், எழுபதை நெருங்கும் வயதில், பர்மாக் காட்டுக்குப் போகும் சிப்பாய்களுக்குக் காட்டில் வாழும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மாகியும் அவரும்தான் குடும்பம். 1947 இறுதியில் இருவரும் காலாதுங்கியை விட்டுக் கென்யா சென்றார்கள். அங்கே நியேரி என்ற ஊரில், 1955 ஏப்ரல் 19-ந் தேதி, 79-வது வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டாண்டுக்குப் பின் ராம்கங்கைக் கரைப் பூங்காவுக்கு இந்திய அரசாங்கம் அவர் பெயரை வைத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ந் தேதி புலிகளைக் காக்கும் திட்டம் அதே பூங்காவில்தான் தொடங்கப்பட்டது. காலாதுங்கி வீடு இப்போது அவர் நினைவுக் காட்சிசாலை.

.275 ரைபிள் அங்கே இல்லை. அவருடைய புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகத்தாரிடம் அது போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அவர்கள் வசமே இருந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக் கொண்டது. சம்பாவத் புலியின் பெயரும் 1907 என்ற ஆண்டும் பொறித்த வெள்ளித் தகடு இன்னும் கட்டையில் இருக்கிறது.